எர்த் பின்னைக் கழற்றினால் டர்ன்டேபிள் இரைச்சல் குறைகிறது, கழற்றலாமா?

2024 ஏப்ரல் 20, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

அப்பா வைத்திருந்த டர்ன்டேபிளையும் உள்நாட்டில் செய்த பழைய ஆம்ப்ளிபையரையும் பரணிலிருந்து இறக்கிச் சரிசெய்து மூன்று மாதம் ஆகிறது. ஆம்ப்ளிபையரை ஃபோனோவுக்கு, அதாவது டர்ன்டேபிள் கேட்கும் இணைப்புக்குத் திருப்பியதும், ஊசி இசைத்தட்டில் படுவதற்கு முன்பே, ‘உம்’ என்று ஓர் இரைச்சல் எழுகிறது. பழுது பார்த்தவர் ஆம்ப்ளிபையர் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிட்டார். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. இதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன். மீதிக் கால்வாசியைப் போக்க என்ன செய்ய வேண்டும்?

2024 ஏப்ரல் 20, இரவு

கழற்றிய பின்னை இன்றே திரும்பப் பொருத்துங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பேசலாம்.

டர்ன்டேபிளின் டோன் ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, உலோகத்தால் ஆனது. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டு ஆம்ப்ளிபையரின் பின்புறத்துத் திருகில் சேர்கிறது. அந்தத் திருகு ஆம்ப்ளிபையரின் இரும்புக் கூட்டோடு இணைந்தது. ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, தட்டின் ஒரு பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கும்போதெல்லாம், உங்கள் விரல் ஆம்ப்ளிபையரின் கூட்டைத் தொட்டதற்குச் சமம். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றைக்காவது பழுதாகி 230 வோல்ட் கூட்டில் ஏறினால், பெரிய பின் இருக்கும் இடத்தில் உடனே ஃபியூஸ் போகும் அல்லது ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். பின் இல்லாத இடத்தில் வெளியே எதுவும் தெரியாது, ஆர்.சி.சி.பி. இருந்தாலும் அது விழுவது உங்கள் உடல் வழியாக மின்சாரம் பாயத் தொடங்கிய பிறகுதான். ஆனி, ஆடி மழையில் ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தட்டு மாற்றுவது நம் பக்கத்து வீடுகளில் நடக்காத காரியம் அல்ல.

‘எர்த்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. சுவரிலிருந்து வரும் எர்த் உயிரைக் காப்பதற்கு. டர்ன்டேபிளிலிருந்து ஆம்ப்ளிபையருக்குப் போகும் மெல்லிய கம்பி இரைச்சலைத் தடுப்பதற்கு. பின்னதைக் கழற்றிச் சோதித்துப் பார்க்கலாம். முன்னதில் கை வைக்கக் கூடாது.

2024 ஏப்ரல் 21

ரேடியோவிலும் கேசட்டிலும் வராத இரைச்சல் தட்டில் மட்டும் ஏன் வருகிறது என்று மார்த்தாண்டம் வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுவது காட்ரிட்ஜ். நகரும் காந்த வகைக் காட்ரிட்ஜ் ஒன்று தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ பகுதி அதை 1000 ஹெர்ட்சில் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குகிறது. ஆனால் எல்லா அதிர்வெண்ணுக்கும் அதே பெருக்கம் இல்லை. தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து வெட்டுகிறார்கள். இல்லையென்றால் ஊசி ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். குறைத்ததை ஈடுகட்ட, அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் வகுத்து 1954 முதல் வழக்கத்தில் உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, ஃபோனோ பகுதி 50 ஹெர்ட்சில் மேலும் 7 மடங்கு, ஆக 700 மடங்கு, பெருக்கியாக வேண்டும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் சரியாக அந்த 50 ஹெர்ட்ஸ். 5 மைக்ரோவோல்ட், அதாவது இசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வயரில் புகுந்தால்கூட அது 3.5 மில்லிவோல்டாக வெளியே வருகிறது. இசையோ 500 மில்லிவோல்ட். அமைதியான அறையில் அது காதுக்குத் தெளிவாகவே கேட்கும்.

ஒரு காலத்தில் வீடுகளில் இருந்த பெட்டி ரெக்கார்டு பிளேயர்கள் இரையவில்லையே என்று மூத்தவர்கள் சொல்வதும் உண்மைதான். அவற்றில் இருந்தவை செராமிக் காட்ரிட்ஜ்கள். அவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். இவ்வளவு பெருக்கம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

2024 ஏப்ரல் 23

பின்னைப் பொருத்தியதும் இரைச்சல் முழுதாகத் திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். அது நல்ல தடயம். எர்த்தை எடுத்தால் குறைகிறது, கொடுத்தால் கூடுகிறது என்றால் உங்கள் ஆம்ப்ளிபையர் வேறெங்கோ இரண்டாவது ஓர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு எர்த்துகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடு ஆடியோ வயரின் வெளிப்பின்னல் வழியாக மின்னோட்டமாக ஓடுகிறது. இதைத்தான் எர்த் லூப் என்கிறார்கள்.

இரண்டாவது எர்த் எங்கே என்று தேட, ஆம்ப்ளிபையரின் பின்னால் செருகியிருக்கும் எல்லா வயர்களையும் உருவிவிட்டு டர்ன்டேபிளை மட்டும் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் செருகுவதற்கு முன் ஆம்ப்ளிபையரை அணைத்துவிடுங்கள். ஃபோனோ வயரை ஓடும்போது உருவிச் செருகினால் எழும் அதிர்ச்சி ஒலி ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும். கேபிள் டி.வி. பெட்டியிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு வயர் வருகிறதா?

2024 ஏப்ரல் 27

வருகிறதாம். உருவியதும் இரைச்சல் அடங்கிவிட்டதாம்.

2024 ஏப்ரல் 28

அப்படியானால் பழுது பார்த்தவர் செய்ததன் விளைவு என்ன என்பதை இப்போது முழுதாகச் சொல்ல முடியும். தெருவில் வரும் கேபிளின் வெளிப்பின்னல் எங்கோ ஒரு கம்பத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கும். அது செட்டாப் பெட்டிக்குள் நுழைந்து, சிவப்பும் வெள்ளையுமான ஆடியோ வயர் வழியாக ஆம்ப்ளிபையர் கூட்டை அடைந்து, பெரிய பின் வழியாக வீட்டு எர்த்தில் இறங்குகிறது. பின்னைக் கழற்றியதும் அந்த வளையம் அறுந்தது, இரைச்சல் குறைந்தது. ஆனால் ஆம்ப்ளிபையருக்கு மிஞ்சியிருந்த ஒரே எர்த், தெருக் கேபிளின் தலைமுடி போன்ற பின்னல். அது பழுதுகால மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

வளையத்தை வேறு இடத்தில் அறுக்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் ஒரு ஐசோலேட்டர் (படத்தையும் ஒலியையும் விட்டு, எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் கருவி) வைக்கலாம், செட்டாப் பெட்டிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், டி.வி.யில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், ஏனென்றால் ஒளி எர்த்தைக் கடத்தாது. உங்கள் டி.வி. பழையது என்பதால் முதல் வழியையே சொல்வேன்.

எனக்கும் 2016இல் நேர்ந்தது இதே கேபிள்தான் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். குளச்சலுக்கு அருகே என் வீடு. சித்தப்பா 1984இல் குவைத்திலிருந்து கொண்டுவந்த டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் என்னிடம் இருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடிய ஆண் குரல் கச்சேரித் தட்டு ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தேன். அதில் தம்பூராவின் பஞ்சமத் தந்தி மட்டும் நிலையாக நில்லாமல், விநாடிக்கு இரண்டு முறை மேலெழுந்து அடங்குவதுபோல் இருக்கும். தம்பூராவைச் சரியாகச் சேர்க்கவில்லை என்றே எண்ணியிருந்தேன். பாட்டு வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டுவிட்டு, ஊசியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். பாட்டு நின்றது, மெல்லிய இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. “இது தம்பூரா இல்ல சாரே, கறண்டு” என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கட்டையின் சட்ஜம் சுமார் 130.8 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழுள்ள பஞ்சமம் 98.1 ஹெர்ட்ஸ். மின்சார இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அலைவு வரும். அந்தத் தம்பூராக் கலைஞர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரைக் குறைவாக எண்ணியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

2024 மே 4

ஏப்ரல் 20இல் எழுதியதில் ஒரு திருத்தம். மெல்லிய கம்பி எல்லா டர்ன்டேபிளிலும் இருக்கும் என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. ரீகா டர்ன்டேபிள்களில் தனி எர்த் கம்பியே கிடையாது. கையின் உலோகம் இடப்பக்க ஆடியோ வயரின் வெளிப்பின்னல் வழியாகவே ஆம்ப்ளிபையரைச் சேர்கிறது. அதில் நாமாக இன்னொரு கம்பி இழுத்துக் கட்டினால், இல்லாத வளையத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம். சில காட்ரிட்ஜ்களில் உடலையும் ஒரு பக்கத்துத் திரும்புகம்பி, அதாவது மின்னோட்டம் திரும்பிவரும் கம்பி, சேரும் பின்னையும் இணைக்கும் சிறு தகடு இருக்கும். கைக்குத் தனி எர்த் கம்பி உள்ள டர்ன்டேபிளில் அதைப் பொருத்தினாலும் இதே விளைவுதான். மெல்லிய கம்பியைச் சேர்த்து ஒருமுறையும் எடுத்து ஒருமுறையும் கேளுங்கள். எது அமைதியோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

2024 மே 11

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்திலேயே என் வீட்டில் இரைச்சல் திரும்பிவிட்டது. இம்முறை இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும், பெரிதாக. பாட்டு மெலிந்து, அதன்மேல் இரைச்சல் ஏறியிருந்தது.

ஒரு பக்கம் மட்டும் இரைந்தால் எர்த் லூப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் திரும்புகம்பி எங்கோ விட்டுப்போயிருக்கும். ஆம்ப்ளிபையரின் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிச் செருகினேன். இரைச்சல் வலப்பக்கத்துக்கு நகர்ந்தது. ஆகவே பிழை ஆம்ப்ளிபையரில் இல்லை. காட்ரிட்ஜின் பின்னால் நான்கு மெல்லிய கம்பிகள் உண்டு: வெள்ளை இடது, நீலம் இடதின் திரும்புகம்பி, சிவப்பு வலது, பச்சை வலதின் திரும்புகம்பி. நீலக் கம்பி முனையிலும் ஹெட்ஷெல் (காட்ரிட்ஜைத் தாங்கும், கையின் நுனியில் மாட்டும் கூடு) தொடும் புள்ளியிலும் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

கடலிலிருந்து என் வீடு ஒரு கிலோமீட்டருக்குள். நிலைவிளக்கை வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தாலும் களிம்பு பிடிக்கும் காற்று இது. அப்படியிருக்க, மூன்று ஆண்டாகத் திறக்காத செம்பு முனைகள் என்னவாகும் என்று முன்பே எண்ணியிருக்க வேண்டும். புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று வரும் என்று வீட்டில் சொன்னார்கள். விளக்குக்கு அது சரி. இங்கே புளியின் அமிலம் இடுக்குகளில் தங்கி மேலும் அரிக்கும். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சரியாகிவிட்டது.

மல்டிமீட்டரால் கம்பியின் தொடர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹெட்ஷெல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். மீட்டரின் மின்னோட்டம் காட்ரிட்ஜின் மயிரிழைச் சுருள் வழியாகப் பாயத் தேவையில்லை. கையின் உலோகத்துக்கும் மெல்லிய கம்பியின் முனைக்கும் இடையே ஓரிரு ஓம்களுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது.

கையை விரலால் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால், அந்தக் கம்பி செய்ய வேண்டிய வேலையை உங்கள் உடல் செய்கிறது. பெரிய பின் இருந்த இடத்தில் இருந்தால் மட்டுமே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

2024 மே 26

குலசேகரத்திலிருந்து ஒருவர், புதிய எர்த் குழி தோண்டினால் இரைச்சல் அறவே போய்விடும் என்றும், ஆடியோவுக்கென்று தனிக் குழி போட்டால் இன்னும் நல்லது என்றும் எழுதியிருக்கிறார். இதில் பாதியை நான் செய்து பார்த்திருக்கிறேன். மறுபாதியை யாரும் செய்யக் கூடாது.

2019 கோடையில் வீட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 28 வோல்ட் காட்டியது. வயர்மேன் வந்து பார்த்தார். பழைய குழாய் அரித்து, சுற்றிலும் மண் உலர்ந்து கிடந்தது. புதிதாக ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, தண்ணீர் விட்டு மூடினார். 28 வோல்ட் 4 வோல்டாக இறங்கியது. அன்றிரவே ஆவலோடு ஃபோனோவைத் திருப்பி, ஆம்ப்ளிபையரின் டேப் வெளியீட்டில் மீட்டரை வைத்தேன். முன்பு 3.1 மில்லிவோல்ட், இப்போது 3.0.

யோசித்தால் அப்படித்தான் இருக்க முடியும். இரைச்சலை உண்டாக்குவது இரண்டு கருவிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. வீட்டு எர்த் முழுவதும் சேர்ந்து ஏறினாலும் இறங்கினாலும், அந்த ஒரே எர்த்தில் நிற்கும் கருவிகளுக்கு இடையே வேறுபாடு தோன்றாது. விமானத்தில் பேட்டரியால் ஓடும் கருவிக்கு எர்த் குழியே இல்லை, அது இரைவதில்லை. நான் குழிக்குச் செலவழித்ததற்காக வருந்தவில்லை. நம் மேற்குப் பகுதியின் செம்பொறை மண் கோடையில் காய்ந்தால் எர்த் கைவிட்டுவிடும். ஃபியூஸ் போக வேண்டிய நேரத்தில் போகாது. குழி உயிருக்காகத் தேவை. இரைச்சலுக்காக அதைத் தோண்டுகிறவர் ஏமாறுவார்.

ஆடியோவுக்கென்று தனிக் குழி போட்டு அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது மிகத் தவறு. ஒரே வீட்டில் இரண்டு எர்த்துகள் தனித்தனியே நின்றால், ஐப்பசியில் இடி அருகே விழும்போது அவற்றுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழலாம். அதைத் தாங்கப்போவது இரண்டையும் தொட்டு நிற்கும் கருவி, அல்லது ஆள். எர்த் பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043. குழி போடும் வயர்மேனிடம் அதைச் சொல்லிக் கேட்டு, வீட்டில் உள்ள எல்லா எர்த்துகளையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 8

மார்த்தாண்டத்துக்காரருக்கு ஐசோலேட்டர் வைத்ததும் ‘உம்’ போய்விட்டது. ஆனால் மாலையில் மட்டும் ‘ஜிர்’ என்று கூர்மையான வேறோர் ஒலி வருகிறதாம்.

இந்த இரண்டையும் காதால் பிரிக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். ‘உம்’ என்பது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். வயரிலோ காந்தப்புலத்திலோ நேரே புகுந்தது. ‘ஜிர்’ என்பது 100 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும் சேர்ந்தது. எங்கோ மின்சாரம் நறுக்கப்படுகிறது என்று பொருள். மாலையில் மட்டும் என்றதால் என்னவெல்லாம் அப்போது ஓடுகிறது என்று கேட்டேன். மின்விசிறி என்றார். ரெகுலேட்டர் தட்டுத்தட்டாகத் திரும்புமா, வழுக்கிக்கொண்டு திரும்புமா என்று கேட்டேன். வழுக்கிக்கொண்டு திரும்புமாம். அதனுள் இருப்பது டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச். ஒவ்வோர் அரை அலையின் முகப்பையும் வெட்டி வேகத்தைக் குறைக்கிறது, வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கூர்மையான துடிப்பை வயரில் விடுகிறது. முழு வேகத்தில் வைத்தால் வெட்டு அநேகமாக இல்லை. வைத்துப் பார்த்தார், ஒலி நின்றது. கெப்பாசிட்டர் உள்ள, தட்டுத்தட்டாகத் திரும்பும் ரெகுலேட்டர் வாங்கிப் போட்டுவிட்டார்.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘ஜிர்’ வருகிறவர்களும் இதே வகைதான். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதில் மடங்குகள் நிறைந்திருக்கும். சைன் அலை தரும் இன்வெர்ட்டரில் இது குறையும்.

2024 ஜூன் 9

ஒரு திருத்தம்: விசிறி முழு வேகத்தில் ‘வெட்டு அநேகமாக இல்லை’ என்றது நல்ல ரெகுலேட்டருக்குத்தான் பொருந்தும். சிலவற்றில் முழு வேகத்திலும் கொஞ்சம் வெட்டும். விசிறியை முற்றிலும் அணைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

2024 ஜூன் 22

தன் உறவினர் சவூதியிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிள் இரைவதோடு பாட்டையும் தாழ்த்திப் பாடுகிறது, இரண்டுக்கும் எர்த் காரணமா என்று ஒருவர் கேட்கிறார். தாழ்வதற்கு எர்த் காரணமல்ல. சவூதியின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் சிங்க்ரனஸ் மோட்டாரும் அங்கேயே பொருத்திய கப்பியும் இருந்தால், நம் 50 ஹெர்ட்சில் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், ஒரு கட்டைப் பாட்டு கீழ் ஆறு கட்டைக்கு இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் கப்பி மாற்ற வேண்டும். அதற்கு முன் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 127 என்று இருந்தால் நேரே செருகாதீர்கள். குவைத், துபாய், மஸ்கட்டிலிருந்து வந்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அங்கெல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான்.

2024 ஜூலை 7

மார்த்தாண்டத்திலிருந்து கடைசிக் கேள்வி. எல்லாம் அடங்கியபின், ஊசி தட்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது மட்டும் மெல்லிய ‘உம்’ எழுகிறதாம். தட்டின் தொடக்கத்தில் இல்லையாம்.

கை நகரும்போது மாறும் இரைச்சல் வயரில் வருவதில்லை. காட்ரிட்ஜ் ஏதோ ஒரு காந்தப்புலத்துக்குள் நுழைகிறது. தட்டுக்கு அடியில் உள்ள மோட்டாராக இருக்கலாம், பக்கத்தில் வைத்த ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையை நடுவே பிடித்துப் பார்க்கச் சொன்னேன், அப்போதும் இரைந்தது. ஆகவே ஆம்ப்ளிபையர். அது டர்ன்டேபிளுக்கு ஒட்டி இடப்பக்கத்தில் இருந்ததாகப் படம் அனுப்பியிருந்தார். இந்தக் காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் குறையும். தூரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். ஆம்ப்ளிபையரை இரண்டடி தள்ளிக் கீழ்த்தட்டில் வைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்று எழுதினார்.

கேபிளை நிறுத்திவிட்டு, செம்புக் கம்பி இல்லாத ஃபைபர் இணைப்புக்கு அடுத்த மாதம் மாறப்போகிறாராம். ஐசோலேட்டரை எடுத்துவிடலாமா என்கிறார். எடுத்துவிடலாம். தெருவிலிருந்து உலோகம் எதுவும் வீட்டுக்குள் வராதபோது அந்த வளையமும் இல்லை. மாற்றிய அன்று ஒருமுறை ஃபோனோவைத் திருப்பிக் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.